புல்கெண்டை பொரிப்பில் பழி ஊசிமேல் மட்டுமா?

ஆசிரியருக்கு,

நீர்ச்செடிகளையும் புல்லையும் தின்று வளரும் வளர்ப்புமீனான புல்கெண்டை (கிராஸ் கார்ப்) குளத்தில் தானாக முட்டையிடுவதில்லை. மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் ஆற்று நீரோட்டம் தரும் தூண்டுதல் குளத்தில் கிடைக்காது. அதனால் ஹார்மோன் ஊசி போட்டே ஆக வேண்டும். ஆனால் முட்டை வெளுத்துப்போனால் உடனே மருந்தைக் குறை சொல்வதும், அடுத்த முறை அளவைக் கூட்டுவதும் சரியல்ல. கோளாறு பெரும்பாலும் ஊசிக்கு முன்போ பின்போதான் இருக்கும்.

முதலில் தீவனம். முட்டைக்காக வளர்க்கும் சினைமீனுக்குத் தவிடும் பிண்ணாக்குமே கொடுத்தால் வயிற்றில் கொழுப்பு கட்டும், சினைப்பை சிறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வயிறு பெருத்துத்தான் தெரியும், அதனால் பலர் ஏமாறுகிறார்கள். முட்டையிடும் பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே ஹைட்ரில்லா, லெம்னா போன்ற நீர்ச்செடிகள், இளம் தீவனப்புல் என்று பசுந்தீனியைப் பிரதானமாக்குங்கள். நாளுக்கு உடல் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை தின்னும். தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனம் 1 முதல் 2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

தேர்ந்தெடுக்கும்போது பெண்மீனின் வயிறு மென்மையாகவும், கழிவுத்துளை சற்று வீங்கிச் சிவந்தும் இருக்க வேண்டும். ஆணின் மார்புத்துடுப்பு சொரசொரப்பாக இருக்கும், வயிற்றை லேசாக அழுத்தினால் விந்து வரும். ஹார்மோன் ஊசியாகப் பிட்யூட்டரிச் சாறு (மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுப்பது) கொடுப்பதானால், பெண்ணுக்கு முதல் ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 மில்லிகிராம். 6 மணி நேரம் கழித்து 8 முதல் 10 மில்லிகிராம். அந்த இரண்டாவது ஊசியின்போது ஆணுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் போதும்.

அதன் பிறகு வேண்டியது விழிப்பு. நீர் வெப்பம் 26 முதல் 28 டிகிரி என்றால் சில மணி நேரத்தில் முட்டை சினைப்பையிலிருந்து கழன்றுவிடும். கழன்ற முட்டை வயிற்றிலேயே தங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் தரம் சரியத் தொடங்கும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கருவுறாது. ஆண் துரத்தத் தொடங்கியதும் அடிக்கடி சோதியுங்கள். லேசாக அழுத்தியதும் முட்டை தாராளமாக வழிந்தால் அதுதான் நேரம். கட்டிகட்டியாகவோ இரத்தத்துடனோ வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பலவந்தமாகப் பிதுக்கினால் முட்டையும் வீண், தாய்மீனும் சாகும்.

முட்டையைப் பிதுக்கி எடுக்கும் தட்டு ஈரமின்றி இருக்க வேண்டும், மீனையும் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். நீர் பட்டதும் விந்தணு ஒரு நிமிடம்போலத்தான் நீந்தும், விந்தணு நுழையும் முட்டைத்துளையும் விரைவில் மூடிக்கொள்ளும். ஆகவே முட்டையையும் இரண்டு ஆண்களின் விந்தையும் முதலில் கோழியிறகால் கலக்கி, பிறகே நீர் சேர்க்க வேண்டும். பலமுறை கழுவிய முட்டைகள் ஊதிப் பெருத்ததும் பொரிப்புத்தொட்டிக்கு மாற்றலாம். இம்முட்டை ஒட்டாது, நீரைவிடச் சற்றே கனமானது. தொட்டியில் நீரோட்டம் குறைந்தால் அடியில் தங்கி மூச்சின்றிச் சாகும், கூடினால் உறை கிழியும். தொட்டிக்கு வரும் நீரை நுண்வலையில் வடிகட்டாவிட்டால் சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய நீருயிரி புகுந்து இளங்குஞ்சுகளைத் தாக்கும்.

ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்து, அடுத்த 3 நாட்களில் குஞ்சின் உடலோடு வந்த கருவுணவு தீரும். இங்கே இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. பெயரில் புல் இருப்பதால் நுண்குஞ்சுக்கும் நறுக்கிய இலையைப் போடுகிறார்கள். அதன் வாய்க்கு அது ஒத்துவராது. அப்போது வேண்டியது ரோட்டிஃபர் போன்ற, நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்கு மிதவையுயிரிகள். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகுதான் மென்மையான செடிகளைக் கடிக்கத் தொடங்கும். குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளத்தில் உரமிட்டு மிதவையுயிரி பெருகிய பிறகு, நீர்ப்பூச்சிகளையும் ஒழித்துவிட்டுக் குஞ்சு விடுங்கள்.

பயிற்சி வகுப்புகளில் ஊசி போடுவதைக் காட்டுவதோடு நிறுத்தாமல், பிதுக்கும் தருணத்தைக் கைபிடித்துக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மீன்குஞ்சு பொரிப்பகப் பணியாளர்கள்