எடுத்தது 435, போட்டது 450: ஏசி சர்வீஸ் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

பொருள்: தேவையில்லாமல் ஏசி காஸ் நிரப்பியது, நல்ல கம்ப்ரசரை மாற்றச் சொன்னது.

ஐயா,

என் காரின் ஏசி போன மாதம் திடீரென்று ஓடாமல் போனது. ப்ளோயரில் காற்று வந்தது, ஏசி பட்டனில் விளக்கும் எரிந்தது. ஆனால் பட்டனை அழுத்தியதும் முன்பக்கத்திலிருந்து கேட்கும் அந்த ‘டக்’ சத்தம் இல்லை. கம்ப்ரசர் சேரும்போது இன்ஜின் ஒரு நொடி மூச்சைப் பிடித்துவிடுவது போல இருக்குமே, அதுவும் இல்லை. இதையெல்லாம் உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது “ஏசி கூலிங் இல்லை” என்ற மூன்றே சொற்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து, “காஸ் கம்மியா இருந்தது சார், ஃபில் பண்ணியாச்சு” என்று சாவியைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு ஏசி ஓடியது உண்மைதான். நானும் நம்பிப் பணம் கட்டினேன். ஒன்பதாம் நாள் நீண்ட தூரம் ஓட்டி வரும்போது மறுபடியும் நின்றுவிட்டது. திரும்ப உங்களிடமே வந்தேன். இந்த முறை பானட்டைத் திறந்து பார்த்த ஐந்து நிமிடத்தில், “கம்ப்ரசர் போயிடுச்சு சார், மாத்தணும்” என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அனுபவத்தில் தெரியும் என்றார்கள். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கார் எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்த நண்பர் ஒருவர் அன்று மாலையே பார்த்தார். முதலில் ஃபியூஸ், அது நன்றாக இருந்தது. அப்புறம் கம்ப்ரசருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, ஏசியைப் போட்டு மீட்டர் வைத்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. கரண்டே வராத கம்ப்ரசர் எப்படி ஓடும்? அடுத்து ரிலே, அதாவது கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சின்ன சுவிட்ச். ஃபியூஸ் பெட்டியில் ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி ஏசி ரிலே இருந்த இடத்தில் செருகினார். இரண்டும் ஒரே மாதிரி ரிலேதான். கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் ‘டக்’ என்று சேர்ந்தது, சில நிமிடங்களில் குளிர்ந்த காற்று வந்தது. பழைய ரிலேயின் மூடியை நெம்பிப் பார்த்தால் உள்ளே கான்டாக்ட் கரிந்து கறுப்பாகிக் கிடந்தது. சூடானால் சேராது, ஆறினால் சேரும் என்றார். அப்படியென்றால் முதல் நாள் ஏசி ஓடியது உங்கள் காஸால் இல்லை. இரண்டு மணி நேரம் நின்றதில் வண்டி ஆறியிருந்தது, அவ்வளவுதான்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் பழைய பில்லை எடுத்துப் பார்த்தபோது, அதன் பின்னால், இருக்கும் காஸை எடுத்து அளந்து திரும்ப நிரப்பும் உங்கள் காஸ் மெஷினின் சின்னச் சீட்டு ஒன்று பின் அடிக்கப்பட்டிருந்தது. வண்டியிலிருந்து எடுத்தது 435 கிராம், திரும்பப் போட்டது 450 கிராம். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் 450 என்றுதான் இருக்கிறது. 15 கிராம் குறைந்ததற்கா ஏசி அடியோடு நின்றது? காஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைச் சேரவிடாது என்பது எனக்கும் தெரியும். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று உங்கள் மெஷினே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை உங்கள் ஆட்கள் யாரும் படிக்கவில்லை. இன்னொன்று: காஸ் என்ன பெட்ரோலா, ஓடி ஓடித் தீர்வதற்கு? நிஜமாகவே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதானே அர்த்தம்? கசிவைத் தேடியதாகவும் பில்லில் ஒரு வரி இல்லை.

தவறு யாருக்கும் வரும். ரிலே கெட்டதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, புது ரிலேயை நானே வாங்கிப் போட்டுவிட்டேன். சோதிக்காமலே சொன்னதுதான் என் புகார். அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நண்பர் மட்டும் இல்லாவிட்டால் நல்ல கம்ப்ரசரைக் கழற்றிப் போட்டிருப்பீர்கள், அதோடு ரிலேயையும் மாற்றிவிட்டு, பார்த்தீர்களா சரியாகிவிட்டது என்று சொல்லியிருப்பீர்கள்.

காஸ் நிரப்பியதற்கு வாங்கிய தொகையை, லேபர் உட்பட, முழுவதும் திருப்பித் தர வேண்டும். கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்று என் வண்டியின் சர்வீஸ் பதிவில் ஏற்றியிருந்தால் அதை நீக்கி, நீக்கியதை எழுத்தில் தர வேண்டும். நாளைக்கு வண்டியை விற்கப் போனால் அது எனக்குத்தான் வம்பு. எந்தச் சோதனையை வைத்துக் கம்ப்ரசர் போய்விட்டது என்று முடிவு செய்தீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும். 15 நாட்கள் பார்ப்பேன். அதன் பிறகு நுகர்வோர் புகாராக எடுத்துச் செல்வேன்.

இரண்டு ஜாப் கார்டுகள், பில், மெஷின் சீட்டு, எஸ்டிமேட் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். கரிந்த ரிலே என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டு வருகிறேன். உங்களிடம் விட்டுவிட்டு மட்டும் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்