முடிக்குச் சொல்கிறோம், தலைத்தோலை மறந்துவிடுகிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களிலும் அவற்றின் வார இணைப்புகளிலும் வெளியாகும் தலைமுடிப் பராமரிப்புக் குறிப்புகளை விடாமல் படித்து வருபவன் நான். முடியில் எதைப் பூசலாம், எதை வாங்கலாம் என்பதோடு அவற்றில் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. அந்த முடி முளைத்து நிற்கும் தோலைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. நாள்தோறும் தலை தூய்மையாகவும் சீராகவும் தோன்ற வேண்டும் என்று விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியது அந்தத் தோலைப் பற்றித்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

வெளியே தெரியும் முடி, கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரற்ற இழை. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், மயிர்க்காலில் இருக்கிறது. அதையொட்டிய சுரப்பிகள் எண்ணெய்ப்பசையைச் சுரந்துகொண்டே இருப்பதால்தான், தலைக்குக் குளித்த மறுநாளே சிலருக்கு முடி பிசுபிசுத்து வகிட்டோரம் படிந்துவிடுகிறது. நேரான முடியில் இந்தப் பசை விரைவாகக் கீழே இறங்கும். சுருள்முடியிலோ நுனிவரை அது எளிதில் போய்ச் சேராது. நிலைமை இப்படியிருக்க, தினமும் ஷாம்பு போட வேண்டும் என்றோ வாரம் ஒருமுறையே போதும் என்றோ எல்லோருக்கும் ஒரே விதியை எழுதுவது எப்படிப் பொருந்தும்? வேர்ப்பகுதியில் பிசுக்கோ அரிப்போ தொடங்கினால் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது; கிழமையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி சுமார் 5 ஆண்டுகள் பழையது. அத்தனை ஆண்டு வெயிலையும் உராய்வையும் தாங்கியது. வேருக்குப் போடும் அதே ஷாம்புவை அந்த நுனியிலும் வைத்துத் தேய்ப்பவர்கள்தான், முடி வறண்டு பறக்கிறது, நுனி பிளக்கிறது என்று வருந்துகிறார்கள். ஷாம்புவைத் தலைத்தோலில் விரல் நுனிகளால், நகம் படாமல் தேய்த்தால் போதும். அலசும்போது வழிந்தோடும் நுரையே கீழ்ப்பகுதியைத் தூய்மையாக்கிவிடும். கண்டிஷனர் இதற்கு நேர்மாறானது: அதை நுனிப்பகுதிக்குப் போட வேண்டும். பிளந்துவிட்ட நுனியை எந்தப் பூச்சும் நிரந்தரமாக ஒட்டவைக்காது என்பதையும், கத்தரித்துவிடுவதே வழி என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை.

நனைந்த முடி வலுவிழந்து, இழுத்தால் எளிதில் நீண்டு அறுந்துவிடும் தன்மையுடையது. எனவே துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றியெடுத்துவிட்டு, அகன்ற பல் கொண்ட சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சிக்கெடுப்பது நல்லது. அந்தச் சீப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலையை அக்கறையோடு கழுவுகிற பலர் சீப்பைக் கழுவுவதே இல்லை. பற்களுக்கிடையே படிந்த எண்ணெயும் செதிலும் தூசியும் மறுபடியும் தலைக்கே திரும்பி வருகின்றன. சிக்கிய முடியை அகற்றிவிட்டு, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் காயவைக்க அதிக நேரம் ஆகாது. தலையணை உறைக்கும் இதே கவனம் தேவை.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. பொடுகும் பேனும் இருப்பவர்களைச் சுத்தமில்லாதவர்கள் என்று முத்திரை குத்துகிறோம். பொடுகுக்கு முக்கியக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை ஏறக்குறைய எல்லோருடைய தோலிலும் வாழ்வது. அதற்குச் சிலருடைய தோல் கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது, அவ்வளவுதான். பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் மருந்துகளான கீட்டோகொனசோல் அல்லது செலினியம் சல்பைடு கலந்த ஷாம்புவைப் போட்டுச் சில நிமிடங்கள் ஊறவிட்ட பிறகே அலச வேண்டும். போட்டவுடன் கழுவிவிட்டு, பயனில்லை என்று கைவிடுபவர்களே அதிகம். பேன், தலையோடு தலை உரசுவதால் பரவுகிறது. தூய்மையான தலையையும் அது விட்டுவைப்பதில்லை. பெரும்பாலான பேன் மருந்துகளை 7 முதல் 10 நாட்கள் கழித்து மறுபடியும் போடச் சொல்வது, முதல் முறை தப்பிய ஈர்கள் அதற்குள் பொரித்துவிடும் என்பதற்காக. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கூனிக்குறுகும் குழந்தைக்கும் அதன் பெற்றோருக்கும் இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது?

முடி உதிர்வைப் பற்றிய அச்சமும் தூய்மைக்குத் தடையாகிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. அதைக் கண்டு பயந்து சிலர் குளிப்பதையும் வாருவதையும் தள்ளிப்போடுகிறார்கள். விழ வேண்டிய முடியெல்லாம் சேர்ந்து அடுத்த குளியலில் கொத்தாக வர, பயம் இன்னும் கூடுகிறது. உண்மையில் வேரைப் பாதிப்பது, சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காக முடியை நாள்தோறும் இறுக்கி இழுத்துக் கட்டும் பழக்கம். நெற்றியோரத்தில் முடி மெலிவது அதன் தொடக்க அறிகுறி. அப்போதே தளர்த்திவிட்டால் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இழப்பு நிரந்தரமாகிவிடலாம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் தோல் மருத்துவர்களைக் கொண்டு இவற்றை விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக, குழந்தைகளின் தலையில் வட்டமாகச் செதில் படிந்து முடி ஒடிந்து காணப்படுமானால், அது படர்தாமரையாக இருக்கக்கூடும் என்பதும், மேலே பூசும் மருந்தால் மட்டும் குணமாகாமல் வாய்வழி மாத்திரை தேவைப்படும் என்பதும், குணமாகும்வரை சீப்பையும் துண்டையும் பிறரோடு பகிரக் கூடாது என்பதும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்