சித்திரை முடியட்டும் தம்பி

அன்புள்ள மகன் தம்பிக்கு,

போன கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் நின்றார். கடையிலும் ஆட்கள். அதுதான் எழுதுகிறேன். முதலில் இங்கிலாந்துப் புதினம்.

மாசி முழுக்க மழை. குக்மியர் ஆறு புல்வெளியெல்லாம் பரவி, பள்ளத்து ரோட்டை மூன்று நாள் மூடிவிட்டார்கள். கடைக்குப் பாண் வரவில்லை. ஆனால் குன்றின் மேலே போய்ப் பார், ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. சோக்குக் கல் அவ்வளவையும் குடித்துவிடும். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் இதே குணம்தான், மழையை வாங்கிக் கிணற்றுக்குக் கொடுத்துவிடும். மேலே தண்ணீர் நிற்காததால்தான் அந்தக் காலத்து இடையர்கள் களிமண்ணை மிதித்து இறுக்கிக் குட்டை கட்டினார்கள். நீ சின்னனில் வாற்பேத்தை பிடித்துச் சேறோடு வந்து அடி வாங்கினாயே, அது அப்படி ஒரு குட்டைதான்.

பள்ளிக்கூட ஒழுங்கையில் நின்ற ஆஷ் மரங்களைத் தறித்துவிட்டார்கள். 2012இல் இந்த நாட்டில் கண்டுபிடித்த அந்தப் பூஞ்சண நோய்தான். நுனி பட்டுக்கொண்டு வரும், பிறகு சொல்லாமல் கொப்பு முறியும். ஒழுங்கை இப்போது மொட்டை அடித்த தலை மாதிரிக் கிடக்கிறது.

கடை வாசலில் நின்ற சிவப்பு ரெலிபோன் பெட்டியை ஊர்ச்சபை ஒரு பவுணுக்கு வாங்கி, நின்ற இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவியை அதற்குள் வைத்திருக்கிறது. ஊர் மண்டபத்தில் பயிற்சியும் நடந்தது. பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள். அம்மா இடியப்பம் பிழிகிற மாதிரி அமுக்கினார். அதுதான் சரியான பலமாம், மற்றவர்களைப் பார்த்துப் பழகச் சொன்னார்கள்! வீட்டுக்கு வந்ததிலிருந்து என் நெஞ்சை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

மேட்டுப் பண்ணையில் மறி ஆடுகள் ஈனத் தொடங்கிவிட்டன. செவ்வாய் இரவு கமக்காரர் பால்மா கேட்டு வந்தார், நானும் அவரோடு கொட்டிலுக்குப் போனேன். ஒரு மறிக்குக் குட்டி செத்துப் பிறந்திருந்தது. இன்னொன்று மூன்று போட்டிருந்தது, இரண்டுக்குத்தான் பால் காணும். மனுசன் செத்த குட்டியின் தோலைப் பெனியன் கழற்றுவது போல முழுசாக உரித்தார். நாலு கால் ஓட்டைக்குள்ளும் மூன்றாவது குட்டியின் காலை விட்டு, தோலைப் போர்த்தி, தாயிடம் விட்டார். அது வால் பக்கத்தை மணந்தது. விலகியது. திரும்பவும் மணந்தது. பிறகு அடித்தொண்டையில் ஒரு சத்தம், குட்டி மடியில் முட்டிவிட்டது. இரண்டு நாளில் தோலை எடுத்துவிடலாமாம். அதற்குள் குடித்த பால் அந்தத் தாயின் மணத்தையே குட்டிக்குக் கொடுத்துவிடுமாம்.

அப்பம்மா செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்து மாட்டுக்கு முன்னால் வைப்பதை அவருக்குச் சொன்னேன். "எவ்வளவு நாள் ஏமாந்தது?" என்று கேட்டார். ஏமாந்து நக்கியதோ தெரிந்துதான் நக்கியதோ, அது அப்பம்மாவுக்கே தெரியாது என்றேன். விடியும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். அம்மாவிடம் பேச்சு வாங்கினேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கடையைப் பூட்டிவிட்டு ரொறன்ரோவுக்கு வந்துவிடச் சொல்கிறாய். எனக்கும் விருப்பமில்லாமல் இல்லை. ஆனால் பக்கத்து ரவுனில் இருந்த கடைசி வங்கியும் போய்விட்டது. போன மாதம் பின்னேர பஸ்சையும் நிறுத்திவிட்டார்கள். கார் ஓடாத கிழவிகள் பென்சன் காசை எங்கள் தபால் மேசையில்தான் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டு, "நீங்களும் போய்விடுவீர்களா?" என்று கேட்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முதல் நாங்கள் வந்தபோது பாணை விரலால் அமுக்கிப் பார்த்து, வாங்காமல் போனவர்களும் இதற்குள் இருக்கிறார்கள். அதை நான் மறக்கவில்லை, ஆனாலும் பதில் சொல்ல வாய் வருவதில்லை.

இப்போது ஒரு யோசனை நடக்கிறது. ஊர்ச்சனமே பங்கு போட்டுக் கடையை எடுத்து நடத்துவது. இந்த நாட்டில் பல கிராமங்களில் அப்படி நடக்கிறது. மே நடுவில் கூட்டம். விலை பேசி வைத்திருக்கிறேன், கொஞ்சம் குறைத்துத்தான், நீ கோபிக்காதே. கணக்குக் கொப்பிகளை அவர்களுக்குக் காட்டிப் பழக்க ஒரு மாதம் வேண்டும்.

அதோடு மே முதலாம் திகதி விடிய வில்மிங்டனுக்குப் போக வேண்டும். குன்றில் வரைந்த அந்த 235 அடி நெட்டை மனிதனின் காலடியில் மொரிஸ் என்ற இவர்களின் கிராமிய ஆட்டம். குளிரில் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு நின்று பார்ப்பது இதுதான் கடைசித் தரமாக இருக்கலாம்.

ஆகவே ஜூனில் ரிக்கெற் போடு. திரும்பி வரும் ரிக்கெற்றும் சேர்த்துப் போடு, பிறகு பார்ப்போம். அம்மாவுக்கு நடைபாதை ஓரத்துச் சீற் எடு, முழங்கால் மடங்காது.

அன்புடன்,
அப்பா