பட்களை எண்ணினால் ஸ்கோர் புரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃபில் ஸ்கோரைத் தீர்மானிப்பது பட்டிங்தான், அதாவது குழியைச் சுற்றி மழுங்க வெட்டிய புல்தரையான கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவதுதான் என்று தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை வாதிட்டிருந்தது. அதற்குக் காட்டிய ஆதாரம் ஒன்றே: பார் 72-ல் (பதினெட்டு ஹோல்களை முடிக்க நிர்ணயித்த 72 அடிகளில்) ஹோலுக்கு இரண்டு வீதம் 36 பட்கள், அதாவது சரிபாதி. கூட்டல் சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை.

அந்த 36-ல் கணிசமான பகுதி யார் தட்டினாலும் விழுகிற பந்துகள். ஒன்றரை அடியிலிருந்து தள்ளிவிடுவதும் கணக்கில் ஒரு பட். அந்தத் தூரத்தில் சாம்பியனுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கும் வித்தியாசம் இல்லாதபோது, ஸ்கோரில் மட்டும் எங்கிருந்து வரும்?

எண்ணிக்கை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். பார் 4 ஹோலில் ஒருவர் கிரீனைத் தவறவிட்டு, சிப் (கிரீன் ஓரத்திலிருந்து சிறு அடி) அடித்து மூன்றடிக்குள் கொண்டுவந்து ஒரே பட்டில் முடிக்கிறார். இன்னொருவர் இரண்டாவது அடியிலேயே கிரீனில் ஏறி, நாற்பது அடியிலிருந்து இரண்டு பட்டில் முடிக்கிறார். இருவருக்கும் நான்கு. அட்டையைப் பார்த்தால் முதலாமவர் பட்டிங் புலி. உண்மையில் பட்டரை (பட்டிங் மட்டையை)க் கையாண்டு பாராட்டுப் பெற வேண்டியவர் இரண்டாமவர்; முதலாமவரைக் காப்பாற்றியது சிப்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. பந்து கிடக்கும் இடத்திலிருந்து முடிக்கச் சராசரியாக எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் ஒவ்வோர் அடியையும் குறிக்கும் ஷாட்லிங்க் பதிவுகளிலிருந்து கணக்கிட்டார். ஒவ்வோர் அடியும் அந்த எண்ணை ஒன்றைவிட எவ்வளவு அதிகமாகவோ குறைவாகவோ குறைக்கிறது என்பதே அந்த அடியின் மதிப்பு. 2004 முதல் 2012 வரையிலான முன்னணி 40 வீரர்கள் மற்றவர்களைவிடப் பெற்ற அனுகூலத்தை அவர் பிரித்தபோது, கிரீனை நோக்கிய அப்ரோச் அடிகள் 40 சதவீதம், டிரைவிங் (ஹோலின் தொடக்கத்தில் அடிக்கும் நீண்ட அடி) 28, கிரீனைச் சுற்றிய சிறு அடிகள் 17, பட்டிங் 15 என்று வந்தது. சாதாரண ஆட்டக்காரர்களிடையிலும் ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நூறு கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிப்பதில்தான் உண்டாகிறது.

டூர் வீரர்களே எட்டடி பட்டில் இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். அங்கிருந்து அவர்களின் சராசரி 1.5 பட். தவறவிட்டு இரண்டில் முடித்தால் இழப்பு அரை ஸ்ட்ரோக் (தூர அளவல்ல, அடித்த எண்ணிக்கையில்). டீயில் (ஹோலின் தொடக்க இடத்தில்) அடித்த பந்து எல்லைக்கு வெளியே போனால்? அடித்த அடி ஒன்று, தண்டனை ஒன்று, மறுபடி அதே இடத்தில் நிற்கிறோம். இழப்பு முழுதாக இரண்டு. நான்கு எட்டடி பட்களைத் தவறவிட்டதற்குச் சமம். ஆனால் கிளப் ஹவுஸில் புலம்புவது பட்களைப் பற்றித்தான்!

கோணத்தைப் பார்த்தாலும் விளங்கும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். எட்டடியில் பந்து ஒரு டிகிரி விலகிப் புறப்பட்டால் நடுவிலிருந்து சுமார் 43 மி.மீ. தள்ளிப் போகும், வேகம் அளவாக இருந்தால் விளிம்பில் பிடித்து விழ வாய்ப்புண்டு. இருநூறு கெஜ அடியில் ஐந்து டிகிரி விலகினால் பதினேழு கெஜம் தள்ளிப் போகும். அதற்கு மேல் பக்கச் சுழற்சி வேறு.

பட்டிங் முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் கோப்பையை வெல்பவரிடம் அதன் பங்கு வழக்கத்தைவிட வெகுவாக ஏறும்; அந்த வாரம் நீண்ட பட்கள் விழுகின்றன. அடுத்த வாரம் விழுவதில்லை. தொலைக்காட்சி காட்டுவதும் விழுந்தவற்றையே, பட்டிங்தான் எல்லாம் என்ற எண்ணம் வலுப்பதும் அங்கேதான். ஆண்டு முழுக்க முன்னணியில் நிற்பவர்களை நிறுத்துவது பெரும்பாலும் அயர்ன், அதாவது அப்ரோச் அடிகளுக்கான இரும்புத்தலை மட்டை.

பயிற்சி நேரத்தைப் பங்கிடவும் இது உதவும். பட்டிங்கில் பலனுள்ள தூரங்கள் இரண்டு. மூன்று முதல் ஆறடி வரை, பட்டர் முகம் நேராக வருகிறதா என்பதற்கு. முப்பது முதல் ஐம்பதடி வரை, வேகத்துக்கு. மூன்று பட்கள் ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் திசைப் பிழையல்ல, முதல் பட் ஆறேழு அடி குறைந்தோ கூடியோ நிற்பதுதான். இருபதடியில் மணிக்கணக்காக நிற்பதில் பெரிய லாபமில்லை.

அயர்னில் பொதுவான கோளாறு பந்து கிரீனை எட்டாமல் நிற்பது. மிகச் சிறப்பாகப் பட்ட ஒரே அடியின் தூரத்தை நினைத்துக் கிளப்பை (மட்டையை) எடுக்கிறார்கள். வழக்கமாகப் பறக்கும் தூரத்தை வைத்து, கொடியை விட்டுவிட்டு கிரீனின் நடுவைக் கணக்கிட்டால் பலருக்கு இன்னும் கூடுதல் தூரம் போகும் அடுத்த கிளப் தேவைப்படும். கிளப் பந்துக்கு முன்பே தரையைத் தொட்டால் இதுவும் உதவாது. ஸ்விங்கின் (கிளப்பை வீசும் வளைவின்) மிகத் தாழ்ந்த புள்ளி பந்தைத் தாண்டி இருக்க வேண்டும்.

ஸ்கோர் அட்டையில் பட் எண்ணிக்கைக்கு ஒதுக்கும் கட்டத்தில் வேறு மூன்றைக் குறிக்கலாம்: தண்டனை அடிகள், முதல் பட்டின் தூரம், கிரீனைத் தவறவிட்ட பக்கம். ஐந்து சுற்று எழுதிப் பார்த்தாலே பட்டரை மாற்றுவதா, நீண்ட தூரக் கிளப்பான டிரைவரைப் பையில் வைத்துவிட்டு டீயில் வேறு கிளப்பால் அடிப்பதா என்பது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கோல்ஃப் பயிற்றுநர் ஒருவர்