எங்கள் வேலைக்கு ஒரு தாள் கொடுக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தொழிலாளர் துறை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கரையில் நண்டுக் கம்பெனிகள் எப்படி நடக்கின்றன, அதில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் எங்களைப் போன்ற பெண்கள் என்ன பாடுபடுகிறோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் சுற்றி வளைக்காமல் போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சதை எடுக்கும் மதினிக்கு வலது கைப் பெருவிரலில் நண்டு ஓடு குத்திவிட்டது. ஓடு குத்துவது எங்களுக்குப் புதிதில்லை. அவித்த நண்டு ஐஸில் கிடந்து வரும். விரல் மரத்துப் போயிருக்கும்போது முள் ஏறினால் அப்போது வலி தெரியாது, ராத்திரி வீட்டில் புளி கரைக்கும்போதுதான் தெரியும். எடுத்த சதைக்குக் கிலோ கணக்கில்தான் கூலி என்பதால் மதினி துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைக்கு முழுக்க வேலை பார்த்தார். மறுநாள் விரல் வீங்கியது. நாலாம் நாள் மணிக்கட்டு வரை சிவந்து காய்ச்சல் வந்துவிட்டது. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். இருபத்தாறு நாள் அவரால் வேலைக்கு வர முடியவில்லை.

வைத்தியச் செலவு கேட்க நானும் அவர் மகளும் கம்பெனிக்குப் போனோம். "அவங்க எங்க ஆளே இல்லையே, மேஸ்திரி கூட்டிட்டு வந்தவங்க" என்றார்கள். மேஸ்திரியிடம் போனால், "வேன்ல ஏத்தி இறக்குறதோட என் வேலை சரி" என்கிறார். ஒன்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்த பெண் ஐயா அவர். வீட்டுக்கு வந்து மகள் பீரோவைக் கொட்டித் தேடினாள். சம்பளச் சீட்டோ அடையாள அட்டையோ எதுவும் இல்லை. கடைசியில் கிடைத்தது நாற்பது பக்க நோட்டு ஒன்று. எந்தத் தேதிக்கு எத்தனை கிலோ என்று மதினியே பென்சிலில் எழுதி வைத்தது. கம்பெனிக் கையெழுத்து ஒரு பக்கத்தில்கூட இல்லை.

இத்தனைக்கும் எங்கள் தட்டு ஒவ்வொன்றிலும் நம்பர் உண்டு. சதையில் ஒரு தலைமுடி கிடந்தால் அது யார் தட்டு என்று அரை நிமிடத்தில் சூப்பர்வைசர் வந்து நிற்பார். நகம் வெட்டியிருக்கிறோமா என்று காலையில் கையை நீட்டிக் காட்டச் சொல்வார். கை கழுவும் முறை சுவர் முழுக்கப் படத்தோடு ஒட்டியிருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிற நண்டுக்கு இவ்வளவு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டுக்கு உரியவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் மட்டும் யாரென்றே தெரியவில்லையா?

கல்லூரியில் படிக்கும் என் மகனை உட்கார வைத்துச் சட்டத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வேலையில் காயம்பட்டு மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆளானாலும் வேலை வாங்கும் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்றும் அதிலேயே இருந்தது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டு மடங்கு கூலி என்பதும், சட்டத்தின் சுருக்கத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் வந்தவை. 2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவும் நான்கு சட்டத் தொகுப்புகளாக நடைமுறைக்கு வந்தபோது, தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இதில் ஒரு வரியைக்கூட எங்கள் கம்பெனிச் சுவரில் பார்த்ததில்லை.

அதனால்தான் கேட்கிறேன், எங்கள் வேலைக்கு ஒரு தாள் கொடுக்கச் சொல்லுங்கள். பெயர், சேர்ந்த தேதி, கூலி, கையெழுத்து. அது இருந்திருந்தால் மதினியின் மகள் இரண்டு வாசலுக்கும் நடந்திருக்க வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்தாலும் மனம் ஆறவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, சரக்குக் குறைந்துவிடும், வேன் எங்கள் தெருவுக்கு வருவது நின்றுவிடும். 2023 ஆகஸ்டில் இதே மண்டபத்தில் நடந்த மாநாட்டில்தான் மீனவர்களுக்கான தடைக்கால நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவித்தார்கள். கடலில் பாடுபடுகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். கரையில் நண்டு உடைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு, குறிப்பாக ஆம்பிளைத் துணை இல்லாத வீட்டுக்கு, அந்த இரண்டு மாதம் எப்படி ஓடும் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? நாங்கள் இன்ன வேலை பார்க்கிறோம் என்று காட்டத் தாள் இல்லாதபோது எங்கே போய்க் கேட்பது?

எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விடியற்காலை வேன் வந்து நிற்கும் நேரத்துக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், நீங்கள் வர வேண்டும். சூப்பர்வைசர் இல்லாமல் எங்களிடம் தனியாகப் பேச வேண்டும். சட்டத்தைத் தமிழில், தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் ஒட்ட வையுங்கள். எல்லாருக்கும் வேலைக்கான தாளைக் கொடுக்க வையுங்கள். மதினிக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை வாங்கிக் கொடுங்கள். தயவுசெய்து இதைச் செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மதினி இந்த வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். பெருவிரல் இன்னும் மடங்கவில்லை, பாதிச் சதைதான் எடுக்க முடிகிறது. நோட்டை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். நீங்கள் வரும்போது காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் கரையில் நண்டுச் சதை எடுக்கும் பெண் ஒருத்தி