ஆசிரியருக்குக் கடிதம்: மூன்று தோட்டாவில் தீர்ப்பு சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய, புதிய விளையாட்டு ரைபிள்களை ஒப்பிட்டுத் தங்கள் இதழில் வந்த கட்டுரை 6.5×55 ஸ்வீடிஷ் (பழையது), 6.5 கிரீட்மூர் (புதியது) என்ற இரண்டு தோட்டா வகைகளின் ரைபிள்களில் தலா மூன்று தோட்டா சுட்டுப் பார்த்து, புதியதே துல்லியமானது என்று முடித்திருக்கிறது. முடிவு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் செய்த சோதனை அதை நிறுவவில்லை.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். மூன்று குண்டுகள் சராசரியாக 25 மில்லிமீட்டருக்குள் விழும் ரைபிளில், அதே தோட்டாவை ஐந்து சுட்டால் விரிவு சுமார் 32 ஆகும். பத்து சுட்டால் 40-ஐத் தொடும். ரைபிளில் ஒன்றும் கெட்டுவிடவில்லை, அதன் உண்மையான சிதறலே அவ்வளவுதான். மூன்று குண்டுக் கூட்டமோ வெறும் தற்செயலாலேயே சராசரியில் பாதியாகவும் சுருங்கும், ஒன்றரை மடங்காகவும் விரியும். அதை வைத்து இரண்டு ரைபிள்களைத் தரம் பிரிப்பது நியாயமில்லை. ஒவ்வொரு தோட்டா வகையிலும் குறைந்தது பத்து சுட வேண்டும். மெல்லிய பேரல் என்றால் மூன்று மூன்றாகச் சுட்டு, கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகே தொடர வேண்டும். குளிர்ந்த பேரலில் முதல் குண்டு எங்கே விழுந்தது என்பதைத் தனியே குறிக்க வேண்டும். அந்த ஒரு குண்டு மற்றவற்றோடு சேராத ரைபிள்கள் ஏராளம்.

அடுத்து, சுடும்போது தோட்டாவுக்குள் எழும் அழுத்தம். 6.5×55 வந்தது 1894-இல். அந்தக் காலத்து மவுசர் ரைபிள்களும், போல்ட்டில் (தோட்டாவின் பின்புறத்தை அடைத்துப் பூட்டும் உருளை) முன்பக்கம் ஒற்றைக் காது மட்டுமே கொண்ட கிராக்-யோர்கென்சன் ரைபிள்களும் இன்றும் புழக்கத்தில் இருப்பதால், அமெரிக்கத் தரம் இந்தத் தோட்டாவைச் சதுர அங்குலத்துக்கு 51,000 பவுண்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. 2007-இல் வந்த கிரீட்மூருக்கு வரம்பு 62,000. கூட்டின் (வெடிமருந்து அடைக்கும் உறை) கொள்ளளவில் பழையதுதான் பெரியது. கடையில் வாங்கிய தோட்டாக்களின் வேகத்தை ஒப்பிட்டு 'பழையது மந்தம்' என்று எழுதினால், பழைய ரைபிள்களுக்காகக் காட்டப்படும் எச்சரிக்கையைத் தோட்டாவின் குறையாகக் கணக்கில் ஏற்றியதாகிவிடும். இதே காரணத்தால்தான் 7×57 மவுசரும் தன் திறமைக்குக் குறைவாகவே நிரப்பப்படுகிறது.

புரிச்சுற்றை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் பேரல் உட்புறப் புரி எவ்வளவு நீளத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது என்பதை, கட்டுரை தொடவே இல்லை. எனக்கு மிகப் பெரிய வருத்தம் இதில்தான். நீண்ட குண்டு காற்றில் நிலைபெற வேகமான சுற்று வேண்டும். 1925-இல் வந்த .270 வின்செஸ்டரில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 130 முதல் 150 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டுகளுக்கு அது போதும், இன்றைய நீண்ட கனமான குண்டுகளுக்குப் போதாது. அதே விட்டமுள்ள குண்டுகளுக்கு 2021-இல் 6.8 வெஸ்டர்ன் என்று புதிய தோட்டாவே தேவைப்பட்டதற்கு இது முக்கியக் காரணம். 6.5×55-இலோ முதலிலிருந்தே 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று, அதாவது 8 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அன்றைய 156 கிரெய்ன் உருண்டைமூக்குக் குண்டுக்காகச் செய்த ஏற்பாடு, இன்றைய கூர்மூக்குக் குண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் அந்த நீண்ட குண்டுக்காகவே பழைய ராணுவ சேம்பர்களின் (தோட்டா அமரும் அறை) தொண்டையும் (அறைக்கும் புரிக்கும் இடையிலான பகுதி) நீளமாக வெட்டப்பட்டது. 120 கிரெய்ன் குட்டைக் குண்டு அதில் புரியைப் பிடிக்கும் முன் வெகுதூரம் தாவ வேண்டியிருக்கும், சிதறும். பழைய ரைபிளை 140 கிரெய்னுக்குக் கீழே மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டுக் குறை சொல்வது தவறு.

கிரீட்மூரின் உண்மையான பலம் குட்டையான கூடு. 2.8 அங்குல மேகசினிலேயே நீண்ட குண்டை, கூட்டுக்குள் ஆழமாக அழுத்தாமல் வைக்கலாம். சேம்பரின் தொண்டையும் அந்தக் குண்டுகளை மனத்தில் வைத்தே வரையப்பட்டது. பாராட்ட வேண்டியது இதைத்தான்.

பழைய ரைபிளைச் சுடுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றையும் எழுதியிருக்கலாம். பேரலில் உள்ள முத்திரையை மட்டும் நம்பக் கூடாது; சேம்பரை வார்ப்பு எடுத்து அளக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் மவுசர்களில் பழைய வகைக்குக் குண்டின் விட்டம் .318 அங்குலம், பிந்தியதற்கு .323. இரண்டாவதை முதலாவதில் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, அளக்கும் கேஜ் கட்டாயம். .308 வின்செஸ்டரில் 'கோ' (போல்ட் மூட வேண்டியது), 'நோ-கோ' (மூடக் கூடாதது) கேஜ்களுக்கு இடையே அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்குதான் வித்தியாசம். கண்ணுக்கு அது தெரியாது. சுட்ட கூட்டில் அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால், முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கூடு அறுபடப் போகிறது. அத்தோடு சுடுவதை நிறுத்த வேண்டும்.

துல்லியக் குறைவுக்கு உடனே பேரலைப் பழிப்பதும் பொதுவான தவறு. ஸ்கோப் பிடிகளின் திருகு, ஆக்‌ஷனை (போல்ட் இயங்கும் பகுதி) மரக்கட்டையோடு பிணைக்கும் திருகு, பேரலின் வாய் விளிம்பில் வடு, செம்புப் படிவு ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். மரக்கட்டை ஈரத்தில் உப்பிப் பேரலை ஒரு பக்கம் தள்ளும். குண்டு விழும் இடம் பருவத்துக்குப் பருவம் மாறும். பேரல் தொடாமல் நிற்க வேண்டிய ரைபிளில் ஒரு காகிதத் துண்டைக் கட்டைக்கும் பேரலுக்கும் நடுவே நுழைத்து இழுத்தால், சிக்கும் இடம் தெரிந்துவிடும். பேரலை முன்முனையில் வேண்டுமென்றே அழுத்திப் பிடிக்கும் கட்டைகளும் உண்டு. அவற்றில் சிக்குவது குறையல்ல.

இனி வரும் ஒப்பீடுகளில் பேரல் நீளம், சுட்ட எண்ணிக்கை, அன்றைய வெப்பநிலை, தோட்டாவின் தொகுதி எண் ஆகியவற்றைப் பட்டியலாக அச்சிட வேண்டுகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைப் பேரலில் எடுத்தது. 20 அங்குல ரைபிளில் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகர்