சைப்ரஸில் சமைத்த கைகளையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரனின் பிறந்தநாளுக்காக மகள், மருமகனோடு கொட்டகலையிலிருந்து பஸ் ஏறி, நுவரெலியாவில் இருக்கும் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். 2009 முதல் 2016 வரை சைப்ரஸில், லிமசோல் நகரில், கிரேக்க மொழி பேசும் ஒரு வயோதிபத் தாயின் வீட்டில் வேலை பார்த்தேன். ஏழு வருடம் அந்த வீட்டு அடுப்படி என் பொறுப்பு. ஊருக்கு வந்த பிறகு அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க நினைத்தாலும், ஒலிவ் எண்ணெய் விற்கிற விலையில் முடியவில்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. யாருடைய பிழைப்பையும் கெடுக்க இதை எழுதவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். கம்பியில் குத்திக் கரியில் சுட்ட கோழி, சுவ்லாக்கி, அருமையாக இருந்தது. ஒரிகானோவும் எலுமிச்சையும் உள்ளே வரை ஊறியிருந்தன. ரொட்டி சூடாக, கையில் எடுத்தால் மடங்குகிற பதத்தில் வந்தது. அதற்குத் தொட்டுக்கொள்ள வந்த ஸாட்ஸிகியை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். எனக்கு லிமசோல் வீட்டுச் சமையலறை ஜன்னலே கண்முன் வந்துவிட்டது. வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் போட்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிய வேண்டும். தயிரிலும் தண்ணீர் நிற்கக்கூடாது. பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். "ராத்திரியே துணியில கட்டித் தொங்கவிட்டுருவோம் அம்மா" என்றான். அந்த வேலையைச் செய்தவனை மனதாரப் பாராட்டுகிறேன்.

அதே அடுப்படியிலிருந்து வந்த சூப்பைப் பார்த்ததும் மனம் விட்டுப்போனது. கோழிச் சாற்றில் சோறு வேகவைத்து, முட்டையும் எலுமிச்சையும் சேர்க்கும் சூப் அது. அவ்கோலெமோனோ என்பார்கள். பால் போல ஒன்றாகக் கூடி வர வேண்டும். எங்களுக்கு வந்த கிண்ணத்தில் முட்டை பஞ்சு பஞ்சாகத் திரிந்து மேலே மிதந்தது, அடியில் வெறும் மஞ்சள் தண்ணீர். கொதிக்கிற சட்டியில் முட்டையை அப்படியே ஊற்றினால் இப்படித்தான் ஆகும். முட்டையை எலுமிச்சைச் சாறோடு நுரைக்க அடித்து, சுடுசாற்றை ஒவ்வொரு கரண்டியாக அதில் விட்டுக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். முட்டை சூட்டுக்குப் பழகிய பிறகு, அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியில் சேர்க்க வேண்டும். நானும் முதல் மாதத்தில் இரண்டு முறை திரிய விட்டவள்தான். மூன்றாவது முறை அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே கலக்கக் கற்றுக்கொடுத்தார்.

கிரேக்கச் சலாது என்று கொண்டுவந்த தட்டில் பாதிக்குமேல் லெட்டூஸ் என்கிற சலாது இலை. ஊர்ப்புறத்துக் கிரேக்கச் சலாதில் அந்த இலையே கிடையாது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஒலிவ் காய், மேலே ஒரு துண்டு ஃபெட்டா, அவ்வளவுதான். ஃபெட்டா என்பது செம்மறியாட்டுப் பாலில் செய்வது, வெள்ளாட்டுப் பாலும் கொஞ்சம் சேர்க்கலாம். கிரேக்கத்தில் செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே சட்டம் வைத்துவிட்டது. எங்களுக்குத் தந்தது சாதாரண பசும்பால் சீஸ். இங்கே ஃபெட்டா தருவிப்பது பெரிய செலவு என்று எனக்குத் தெரியும். உள்ளூர் சீஸ் என்றே மெனுவில் எழுதுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடுவோம். திராட்சை இலையில் சோறு சுருட்டும் தொல்மாதெஸ் கேட்டோம். டின் இலை வரவில்லை, இன்றைக்கு இல்லை என்றார்கள். குளிர்காலத்தில் கிரேக்கர்கள் அதைக் கோவா (முட்டைக்கோஸ்) இலையில் சுருட்டுவார்கள். நுவரெலியாவில் கோவாவுக்கா பஞ்சம்?

கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கிச் சுடும் மூசகாவில் இருப்பது மாட்டிறைச்சி என்று மெனுவில் போடவில்லை. கேட்ட பிறகுதான் தம்பி உள்ளே ஓடிப்போய் விசாரித்து வந்து சொன்னான். மாடு சாப்பிடாத குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. அந்த ஒரு வரியையாவது தமிழிலும் எழுதி வைக்க வேண்டும்.

கடைசியில் கிரேக்கக் கோப்பி. நீளக் கைபிடி வைத்த சின்னப் பாத்திரத்தில் பொடியும் தண்ணீரும் சீனியும் போட்டு, மெல்லப் பொங்கவிட்டு, மண்டியோடு ஊற்ற வேண்டிய கோப்பி. சின்னக் கோப்பையில் உடனடிக் கோப்பித் தூளைக் கரைத்துக் கொடுத்துவிட்டார்கள். நம் முன்னோர்கள் முதன்முதலில் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து இந்த மலைக்கு வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பித் தோட்டத்துக்கு. 1869இல் இலைநோய் வந்து அந்தத் தோட்டங்கள் அழிந்த பிறகுதான் தேயிலை பரவியது. அந்த மண்ணில் இப்படி ஒரு கோப்பியைக் குடித்தது எனக்கு மிகவும் வருத்தம்.

சூப்பைப் பற்றி நான் சொன்னதும், பரிமாறிய தம்பி சமையல்காரப் பையனையே கூட்டி வந்துவிட்டான். அவனும் தோட்டத்துப் பிள்ளைதான். "போன்ல பாத்துத்தான் செய்றேன் அம்மா, சொல்லித்தர ஆள் இல்ல" என்றான். பில்லின் பின்பக்கத்தில் நான் சொன்னதை எழுதிக்கொண்டான். அப்போது மேலாளர் வந்தார். நான் சைப்ரஸில் சமைத்தவள் என்றதும், "ஹவுஸ்மெய்டாத்தானே இருந்தீங்க?" என்று கேட்டார். பையனை உள்ளே போகச் சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார். என் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆமாம், ஹவுஸ்மெய்ட்தான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மட்டும் இப்படி மூன்று பேர் இருக்கிறோம். ஒருவர் லெபனானில் பதினொரு வருடம் சமைத்தவர். அவர் அரைக்கும் கடலை ஹம்முஸைப் போல எந்த ஹோட்டலிலும் நான் சாப்பிட்டதில்லை. இன்னொருவர் குவைத்தில் ஐம்பது பேர் விருந்துக்குத் தனியாகச் சமைத்தவர். இப்போது மூவரும் வீட்டோடுதான் இருக்கிறோம். படிக்காமல் வேலையில் கற்றதையும் சோதித்துப் பார்த்து என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. அதைத் தோட்டங்களுக்கே வந்து, தமிழில் நடத்துங்கள். வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடை திறக்கும் முதலாளிமாரே, சமையல்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எங்களை வாரத்தில் ஒரு நாள் கூப்பிடுங்கள். கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

நாங்கள் வெளியே வரும்போது அந்தச் சமையல்காரப் பையன் பின்வாசலால் ஓடி வந்து என் நம்பரை வாங்கிக்கொண்டான். அவனுக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவாம். வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கோழியும் முட்டையும் நான் வாங்கி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டகலை.